பாதைக்குத் தெரிந்த பாதி மலை

கந்தப்பன் கங்காணிக்குத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த பெயர் கொழுந்து பறிக்கும் வேலையில் வந்ததல்ல, செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலையில் வந்ததுமல்ல. ராகலைப் பக்கத்தில் அந்த வேலைகளை அவரைவிட நன்றாகச் செய்வித்த கங்காணிகள் இருந்தார்கள். இவருடைய கைவரிசையே வேறு. கம்பனியிலிருந்து தோட்டத்தை மேற்பார்வையிட ஒரு வெள்ளைக்காரர் வருவார். வி.ஏ. துரை என்பார்கள். அவர் வருகிறார் என்று சேதி வந்தால் தோட்டத்தை நடத்துகிற துரைக்கே இருப்புக்கொள்ளாது. உடனே ஆள் ஓடும். "கூப்பிடு கந்தப்பனை!"

கந்தப்பன் வந்து காரியத்தில் இறங்குவார். மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் இருக்க மலைச் சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டியிருப்பார்கள் அல்லவா, அதைத் தோட்டத்தில் கான் என்பார்கள். கார் போகிற ரோட்டோரத்துக் கான்களெல்லாம் தூர் எடுக்கப்படும். கல்லுக்கட்டுகளில் பாசி சுரண்டப்படும். கை வேகமான பெண்களாகப் பார்த்து, இடுப்பில் வெளுத்த படங்குத் துணி கட்டச் சொல்லி ரோட்டோரத் தேயிலை நிரைகளில் நிறுத்துவார். வளைவுக்கு அப்பால் புல் இடுப்பளவு நிற்கும், கான் தூர்ந்து கிடக்கும். அதனால் என்ன? எந்த வி.ஏ. துரையும் அந்த வளைவைத் தாண்டி நடந்ததில்லை. பளபளக்கிற சப்பாத்தில் சேறு பட்டுவிடுமே!

இதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. துரைக்குத் தெரியும், அவருக்குக் கீழே வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவுக்குத் தெரியும், வாசல் கூட்டுகிறவனுக்கும் தெரியும். வி.ஏ. துரைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு முறை எல்லாம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் துரை தன் பழைய கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கந்தப்பனுக்குப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து, பார்க்க வந்தவர் திருப்தியாகத் திரும்பிப் போவதுதான் வேலை என்பது கங்காணியின் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏறியது இறங்கவே இல்லை.

வேலையிலிருந்து ஓய்ந்தபோது அவர் கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது, பிரஜாவுரிமைப் பதிவும் இருந்தது. அந்தப் பதிவு கிடைத்த கங்காணிகளே சிலர்தான். அவருடைய ஆட்கள் பலருக்கு விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. தோட்டத்தை ஒட்டிய மலையில் கிழட்டுத் தேயிலை நின்ற ஒரு துண்டு நிலத்தை வாங்கி, ஓரத்தில் தகரக் கூரை போட்டு, மனைவி நாகலெட்சுமியோடு குடியேறினார். தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்தவனுக்குச் சொந்தமாக மலை! முதல் சில மாதங்கள் அவர் அந்த நிலத்தில் வேலை செய்ததைவிட அதில் நின்று வெற்றிலை போட்டதுதான் அதிகம்.

நிலத்தின் அடியில் ஒற்றையடிப் பாதை போனது. பாதைக்குக் கீழே பூரணியின் தோட்டம். பூரணி அவருடைய பழைய ஆள். அவர் கணக்கில்தான் கொழுந்தெடுத்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து, மகளையும் வட்டவளையில் கட்டிக் கொடுத்த பிறகு, யாருடைய ஏச்சும் பேச்சும் இல்லாமல் பிழைக்க வேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது அவளுக்கு. தோட்டத்தில் பேரை வெட்டிவிட்டுப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு லயத்தை விட்டு வெளியேறினாள். கிராமத்துச் சிங்களவர் ஒருவரின் நிலத்தை அந்தேக்கு எடுத்தாள். விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி இவளுக்கு. அதில் ஒரு குடிசை, மலையிலிருந்து வடிந்து பீலிக் குழாயில் விழும் தண்ணீர், லீக்ஸ், கோவா என்கிற முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. ஒரு போகம் பொய்த்தாலும் நிலத்துக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். திரும்பிப் போக லயத்தில் இடமும் இல்லை. இது பூரணிக்குத் தெரியும், கந்தப்பனுக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில்தான் அரசாங்கம் சிறு நிலக்காரர்களுக்கு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புது இனக் கன்று நட்டால் உதவிப் பணம். ஆனால் சும்மா இல்லை. சரிவு முழுவதும் கான் வெட்ட வேண்டும், செங்குத்தான இடங்களில் கல்லுக்கட்டு வைக்க வேண்டும், மண் தேறுவதற்கு ஆளுயரப் புல் நட்டு இரண்டு வருஷம் விட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதிகாரி வந்து பார்ப்பார், அதன் பிறகுதான் பணம். பிரஜைகளுக்கு மட்டும் என்பதால் அந்தப் பக்கத்துத் தமிழர்களில் மனுக் கொடுக்க முடிந்தவர் கந்தப்பன் ஒருவர்தான்.

அதிகாரி துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். மலை ஏறினால் முழங்கால் வலிக்கும், ஆனால் மண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வலியை மறந்துவிடுவார்.

"கங்காணியார், ஒண்டை மட்டும் மறக்காதையுங்கோ. மண்ணைக் காக்கிறதெண்டால் மேலையிருந்துதான் துவங்க வேணும். தண்ணி அங்கைதானே பிறக்குது? மேலை மறிச்சுப் போட்டியளெண்டால் கீழை அது ஒரு குழப்படியும் செய்யாது."

"அதுக்கென்னங்கய்யா, ஜமாய்ச்சிடலாம்," என்றார் கந்தப்பன். துரைராசா சொன்னதில் அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். பார்க்க வருவார்கள்.

மலையின் நடுவே வயிறு போலப் புடைத்த ஒரு மேடு இருந்தது. பாதையில் நின்றால் அதற்கு மேலே இருப்பது தெரியாது. கங்காணி வேலையைக் கீழிருந்து ஆரம்பித்தார். அடடா, என்ன வேலை! நூல் பிடித்தது போலக் கான்கள், பொறுக்கி எடுத்த கல்லில் கட்டுகள், வரிசை பிசகாத புல். மேட்டுக்கு மேலே போனபோது கூலிச் செலவு ஏறியது, கல் தூக்க ஆட்கள் முனகினார்கள். பழைய தேயிலையை மட்டும் வேரோடு பிடுங்கினார். எதிர்மலையிலிருந்து பார்த்தால் பிடுங்காதது தெரிந்துவிடும், கான் இல்லாதது தெரியாது. மேட்டு விளிம்பில் நாலு வரிசை புல்லை நெருக்கமாக நட்டு மறைத்தார். அதற்கு மேலே மொட்டை மண். அந்தக் கிழட்டுத் தேயிலையை விட்டிருந்தால்கூட அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். மனுஷன் அதையும் விட்டுவைக்கவில்லை.

நாகலெட்சுமி விறகுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, மேல ஒரு கானுகூட இல்லியே?"

"வெட்டுவோம், வெட்டுவோம். மொதல்ல அவரு வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"இது தோட்டத்து மலையில்லீங்க. நம்ம மலை."

கந்தப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. யாரை ஏமாற்றுகிறோம் என்று அந்த மனிதர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

துரைராசா வந்தார். கீழ்ப்பாதியைச் சுற்றிப் பார்த்து மலைத்துப்போனார். ஒவ்வொரு கல்லுக்கட்டையும் தட்டிப் பார்த்தார். பிறகு மேட்டை அண்ணாந்து பார்த்து முழங்காலைத் தடவினார்.

"மேல்பக்கமும் இப்பிடித்தானோ?"

"இதே மாதிரிதாங்கய்யா. வந்து பாருங்களேன்." வரமாட்டார் என்று தெரிந்துகொண்டு அழைப்பது கந்தப்பனுக்குக் கைவந்த கலை. "அதுக்கு முன்ன ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம், வாங்க."

தேத்தண்ணியோடு சுடச்சுட வடையும் வந்தது. மேட்டுக்கு மேலே யாரும் போகவில்லை. எழுந்தபோது துரைராசா கங்காணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உம்மைப் போல நாலு பேர் இருந்தால் இந்த மலையள் தப்பிவிடும். அடுத்த மாதம் மற்றக் காணிக்காரரையும் கூட்டிக்கொண்டு வாறன். அவையள் இதைப் பாக்க வேணும்."

கந்தப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் உறுத்தல் ஏதும் இல்லை. அதுதான் பின்னால் அவரை ரொம்ப வதைத்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை பூரணி மேலே ஏறி வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய வழக்கப்படி கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"கங்காணி ஐயா, பீலித் தண்ணி செவப்பா வருதுங்க. பாத்தியில ராவோட ராவா மண்ணு வந்து ஏறிக் கெடக்கு. மேல கானு வெட்டலீங்களா?"

"எல்லாம் வெட்டுவோம். மழைன்னா மண்ணு வரத்தான் செய்யும்."

"அதுக்கில்லீங்க. கெழங்கு இன்னும் முத்தல. இருந்தாலும் இப்பவே தோண்டிட்டா பாதியாவது தேறும். நிலத்துக்காரருக்கும் ஏதோ கண்ணுல காட்டிரலாம். தோண்டிரட்டுங்களா?"

அவளுக்கு அதற்கு உத்தரவு தேவையே இல்லை. அவள் அந்தேக்கு எடுத்த நிலம், அவள் போட்ட கிழங்கு. பழக்க தோஷம், கேட்டுவிட்டாள். கந்தப்பனின் மனதில் உடனே ஓடியது என்ன தெரியுமா? வரப்போகிற காணிக்காரர்கள். அவர்கள் வருகிற நேரம் ஒருத்தி முத்தாத கிழங்கை அரக்கப் பரக்கத் தோண்டிக்கொண்டிருந்தால், ஏன் என்று கேட்பார்கள். மேலேயிருந்து மண் வருகிறது என்பாள். எல்லாரும் மேலே பார்ப்பார்கள்.

"பிஞ்சுக் கெழங்கத் தோண்டி யாராவது நாசம் பண்ணுவாங்களா? பேசாம விடு. நான் மேல இருக்கேன்ல? ஒண்ணும் ஆகாது."

பூரணி ஒரு கணம் மேட்டைப் பார்த்தாள்.

"சரிங்க," என்று இறங்கிப் போனாள்.

காணிக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், வாயைப் பிளந்தார்கள். துரைராசா ஒவ்வொரு கானாகக் காட்டி விளக்கினார். பாதைக்குக் கீழே பூரணி குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

அவர்கள் போன அதே வாரம், ஒரு மத்தியானம், விடாமல் பெய்த மழையில் மேல்பாதி மலை நகர்ந்தது. முதலில் மேட்டு விளிம்பிலிருந்த புல் வரிசை நின்ற வாக்கிலேயே கீழே வந்தது. அதன் பின்னால் சேறு. நூல் பிடித்து வெட்டிய கான்கள் கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பின. கல்லுக்கட்டுகள் பெயர்ந்து உருண்டு, பாதையைத் தாண்டி, பூரணியின் பாத்திகள் மேல் போய் விழுந்தன. அவள் குடிசையிலிருந்து ஓடிப் பக்கத்து மேட்டில் ஏறித் தப்பித்தாள். குடிசையின் ஒரு பக்கச் சுவர் விழுந்தது. கிழங்கு முழுவதும் சேற்றுக்கும் கல்லுக்கும் அடியில்.

கந்தப்பன் வீட்டு வாசலில் நனைந்தபடி நின்றார். கீழே பூரணி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, பாத்தி எங்கே இருந்தது என்று காலால் தேடிக்கொண்டிருந்தாள். இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நிற்கவும் அவருக்குக் கால் வரவில்லை. நாகலெட்சுமி செம்பில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு அவரைத் தாண்டி இறங்கிப் போனாள்.

மழை விட்டதும் துரைராசா வந்தார். முகம் வாடிப்போயிருந்தது. தன் சொந்த நிலம் போனது போல நின்றார். பாதையில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். பூரணியின் நிலத்துக்காரரும் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும்.

"எனக்கு விளங்கயில்லை, கங்காணியார். இவ்வளவு வேலை செய்த நிலம் எப்பிடிச் சரியும்? மேலை கான் இருந்ததுதானே?"

மேலே இப்போது பார்க்க ஒன்றும் இல்லை. எல்லாம் சேறாகிக் கீழே வந்துவிட்டது. இருந்தது என்றால் இருந்தது, இல்லை என்றால் இல்லை. கந்தப்பன் வாயைத் திறந்தார். நாற்பது வருஷம் வெள்ளைக்காரனுக்கே பதில் சொன்ன வாய்!

"இருந்துச்சுங்க ஐயா," என்றாள் பூரணி. கால்வரை சேறு. "வெறகு பொறுக்கப் போறப்ப நானே பாத்திருக்கேன். மேலேயும் இதே மாதிரிதான் வெட்டியிருந்தாரு."

துரைராசா தலையை ஆட்டினார். அப்படியானால் வேறு காரணம் இருக்க வேண்டும். படித்த மனிதர், காரணம் தேடாமல் விடுவாரா? பாதை ஓரமாக நடந்தார். பூரணி எப்போதோ இன்னுமொரு பாத்தி போடுவதற்காகப் பாதைக்கு அடியில் மேட்டைக் கொஞ்சம் வெட்டி எடுத்திருந்தாள். ஒரு முழம் இருக்கும். அவர் கண் அதில் நின்றது.

"ஏன் பிள்ளை, இந்த அடியை நீரோ வெட்டினனீர்?"

"ஆமாங்க ஐயா. ஒரு பாத்திக்காக..."

"அட கடவுளே! மலையின்ர அடிக்காலை வெட்டினால் மேலை எப்பிடி நிக்கும்? இந்த மனுசன் பாடுபட்டுச் செய்ததெல்லாத்தையும் ஒரு பாத்திக்காக நாசமாக்கிப் போட்டீரே!"

அவர் கோபத்தில் சொல்லவில்லை, வருத்தத்தில்தான் சொன்னார். ஆனால் கூடியிருந்த அத்தனை பேரும் பூரணியைத் திரும்பிப் பார்த்தார்கள். நிலத்துக்காரர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பூரணி இதை எதிர்பார்க்கவில்லை. அவள் கந்தப்பனை ஒரே ஒரு தடவை பார்த்தாள். கெஞ்சல் இல்லை அந்தப் பார்வையில். நீங்கள் ஏதாவது சொல்வீர்களா என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒரு வார்த்தை போதும். மேலே கானே இல்லைங்கய்யா. அந்த வார்த்தை கந்தப்பனின் தொண்டை வரைக்கும் வந்தது. கையைப் பிடித்துக்கொண்ட துரைராசாவின் முகம் தெரிந்தது. வாயைப் பிளந்து பார்த்த காணிக்காரர்கள் தெரிந்தார்கள். வார்த்தை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. கந்தப்பன் குனிந்து, உருண்டு கிடந்த கல் ஒன்றைப் புரட்டிப் பார்ப்பது போலப் பாவனை செய்தார். வெட்கம் கெட்ட மனுஷன். அப்படித்தான் அவரே அன்று முழுக்கத் தன்னைச் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டு என்ன பிரயோசனம்?

கந்தப்பனின் நிலத்துக்கு மறுபடி கான் வெட்டவும் கல் கட்டவும் உதவிக்கு எழுதுவதாகத் துரைராசா சொன்னார். பூரணிக்கு எழுத அவருக்கு வழியில்லை. அவள் பிரஜை இல்லை, நிலமும் அவளுடையதில்லை. நிலத்துக்காரர் அதிகம் பேசவில்லை. இந்த மாதம் கழிந்ததும் வேறு ஆள் வருவான், அதற்குள் குடிசையைப் பிரித்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பூரணி அன்று சாயந்தரமே கங்காணியின் வீட்டுக்கு வந்தாள். கந்தப்பன் எழுந்து நின்றுவிட்டார். தன் ஆள் ஒருத்தி வந்ததற்கு அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"ஏன் தாயி அப்படிச் சொன்ன? மேல என்ன இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னங்க. ஒங்ககிட்டத்தானே வேலை செஞ்சேன்." அவள் குரலில் குத்தல் இல்லை. "கெழங்கு போன அன்னைக்கே நெலமும் போச்சுன்னு தெரிஞ்சிருச்சு. இனி தோட்டத்துலதான் பேர் பதியணும். கண்டாக்கையா ஒங்க பேச்சைத்தான் கேப்பாரு. ஒங்க பேர் கெட்டுப்போனா, எனக்காகச் சொல்ல வேற யாருங்க இருக்கா? அதான் சொன்னேன். பழி என் தலையில வந்து விழும்னு நெனைக்கல."

நாகலெட்சுமி உள்ளே புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கந்தப்பன் கூனிக் குறுகிப்போனார். அவள் ஏசியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அவளோ அவருடைய பெயரை ஓட்டை ஒழுகலில்லாத ஒரு கூரை போலப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தாள், ஒதுங்க வேறு இடமில்லாததால்.

மறுநாள் காலை இருவரும் தோட்டத்துப் பெரட்டுக்களத்துக்குப் போனார்கள். ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் நேரம். கந்தப்பன் துரை கொடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார், பூரணி பின்னால். போகும்போதே தீர்மானித்துக்கொண்டார். கண்டாக்கையாவிடமாவது உள்ளதைச் சொல்லிவிடுவது. நாலு பேர் அவளைப் பார்த்த பார்வையை மாற்றிவிடுவது.

கண்டாக்கையா வரவேற்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இவதானா மலைய வெட்டிச் சாய்ச்சவ? ஊரெல்லாம் பேச்சாக் கெடக்கு. ஏன் கங்காணி, ஒங்க நெலத்தையே நாசம் பண்ணினவளுக்கு நீங்களே வந்து சிபாரிசா?"

இதுதான் சமயம். கந்தப்பன் மூச்சை இழுத்தார். பக்கத்தில் நின்ற பூரணி, கண்டாக்கையாவுக்குத் தெரியாமல், லேசாகத் தலையை அசைத்தாள். வேண்டாம். உண்மையைச் சொன்னால் சிபாரிசு செய்கிறவன் யோக்கியதை என்ன ஆகும்? அவள் பேரை யார் பதிவார்கள்?

"பழைய ஆளுங்கய்யா," என்றார் கந்தப்பன். "பாவம். தெரியாம செஞ்சிட்டா."

தன் வாயால் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு அவள் நின்றாள்.

"ஒங்க மனசு யாருக்கு வரும், கங்காணி! சரி, நாளையிலேர்ந்து வரச் சொல்லுங்க. லயத்துல கடைசிக் காம்பிரா காலியாத்தான் கெடக்கு, ஒழுகும். பரவால்லன்னா இருந்துக்கட்டும்."

வெளியே வந்தார்கள். கூடைகளை மாட்டிக்கொண்டு நிரைக்குக் கிளம்பிய பெண்கள் நின்று பார்த்தார்கள். பூரணி கந்தப்பனின் முன்னால் வந்து, இரண்டு கையையும் கூப்பி, இடுப்பு வரை குனிந்து கும்பிட்டாள். கந்தப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"கும்பிடாத தாயி. ஒங் கால்ல நான் விழணும்."

பூரணி நிமிரவில்லை. குனிந்தபடியே அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இது ஒங்களுக்கு இல்லீங்க. எல்லாரும் பாக்குறாங்க. நெலத்த நாசம் பண்ணினவளுக்கு வேலை வாங்கிக் குடுத்த மனுஷனக் கும்பிடலன்னா, நன்றி கெட்டவன்னு நாளைக்கு என்னைய நிரையில சேக்க மாட்டாளுக. தலையில கைய வச்சு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போங்க. எனக்கு வேலை கெடக்கு."

பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டாக்கையாவும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கந்தப்பன் கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்.